நெல் விலை விழுந்தபோது: நெருக்கடிக் காலத்தில் வெறுப்பு எப்படி வளர்கிறது?

1930 மே மாதம் 26ஆம் தேதி காலை, பர்மாவின் (இன்றைய மியான்மர்) தலைநகரான ரங்கூனின் துறைமுகம். பர்மியக் கூலித் தொழிலாளர்கள் வழக்கம்போல வேலைக்கு வருகிறார்கள். சில நாட்களாகக் கப்பல்களில் மூட்டை ஏற்றி இறக்கியது அவர்கள்தான். அதற்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர்கள் ஆந்திரக் கடற்கரையிலிருந்து போன தெலுங்குத் தொழிலாளர்கள். கூலி உயர்வு கேட்டு அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், ஒப்பந்தக்காரர்கள் பர்மியர்களைக் கூட்டி வந்தார்கள். பிறகு பேச்சுவார்த்தை முடிந்தது. கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்து பழைய ஆட்களையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வேலை போய்விட்ட செய்தி, துறைமுகத்துக்கு வந்து நின்ற பிறகுதான் பர்மியர்களுக்குத் தெரிகிறது. வேலை திரும்பக் கிடைத்தவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்துக் கேலி செய்கிறார்கள். கைகலப்பாகத் தொடங்கியது, நகரம் முழுக்கப் பரவி, சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்துவிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

அன்று அடித்துக்கொண்ட இரண்டு தரப்பும் ஒரே கூலிக்காக வரிசையில் நின்ற ஏழைகள். ஆளை மாற்றி ஆளை வைத்த ஒப்பந்தக்காரர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

வேலை குறைந்தால், விலை ஏறினால், சம்பளம் தேய்ந்தால் மக்கள் மனதில் வேற்று இனத்தவர் மேல், வேற்று மதத்தவர் மேல் வெறுப்பு கூடுமா? தீவிரமான கட்சிகள் வளருமா? சிறுபான்மையினர் தாங்கள் காலங்காலமாக நம்பிவந்த கட்சியை விட்டு நகர்வார்களா? இந்த மூன்று கேள்விக்கும் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்பவர்கள் நிறைய. ஆனால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்த பிறகு உலகம் முழுக்க ஒரு பெருமந்தம் வந்தது இல்லையா? அந்த ஒரே அடி வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு விதமாக விழுந்தது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். பர்மாவிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே அடித்தவர்கள் கதை மட்டுமல்ல, அடிபட்டவர்கள் கதையும் நமக்கு நெருக்கமானது.

ஒரு கடன் எப்படி இரண்டு மடங்கானது?

கீழ் பர்மாவின் ஐராவதி டெல்டா ஒரு காலத்தில் பெரும்பகுதி காடும் சதுப்பும்தான். பிரிட்டிஷ் ஆட்சியில், முக்கியமாக 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. விவசாயிகள் காட்டை வெட்டி வயலாக்கினார்கள். மாடு வாங்க, விதை வாங்க, நடவுக் கூலி கொடுக்கப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் சேற்றில் நிற்கும் விவசாயிக்குக் கடன் தராது. அந்த இடத்துக்குத்தான் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், போனார்கள். 1930 வாக்கில் பர்மாவில் 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் வட்டிக் கடைகள் இருந்தன. சொந்தப் பணம், செட்டிநாட்டு உறவுகள் கொடுத்த வைப்புப் பணம், வங்கியில் வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்து கோடிக்கணக்கான ரூபாய் அங்கே ஓடியது. ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்: உள்ளூர் பர்மிய வட்டிக்காரர்களைவிடச் செட்டியார் கடையில் வட்டி குறைவு. அதனால்தான் விவசாயிகள் அங்கே போனார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களை எளிமைக்காக நானே எடுத்துக்கொள்கிறேன். ஒரு விவசாயிக்கு 1,000 ரூபாய் கடன். 100 கூடை நெல் 150 ரூபாய்க்குப் போகிறது. கடனை அடைக்க அவர் ஏறக்குறைய 670 கூடை விற்றால் போதும். அடுத்த வருடம் நெல் விலை பாதியாகிறது. கடன் ஏட்டில் இருப்பது அதே 1,000 ரூபாய்தான். ஆனால் அதை அடைக்க இப்போது 1,340 கூடை வேண்டும். வயல் அதே வயல், விளைச்சல் அதே விளைச்சல். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, புதிதாக ஒரு காசுகூடக் கடன் வாங்கவில்லை. ஆனாலும் அவருடைய கடன் நெல் கணக்கில் இரண்டு மடங்காகிவிட்டது. விலைகள் ஒட்டுமொத்தமாக விழுவதைப் பணவாட்டம் என்கிறார்கள். கடன் வாங்கியவனுக்கு அதைவிடப் பெரிய இடி கிடையாது.

பர்மாவில் இதுதான் நடந்தது. 1930 கடைசியில் நெல் விலை கவிழ்ந்தது. இருபதுகளில் இருந்த விலையில் பாதிக்கும் கீழே போனது. தவணை கட்ட முடியாமல் போனவர்களின் அடமான நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம். எட்டே வருடத்தில் நாலில் ஒரு பங்கு. நகரத்தாருக்கு நிலத்தின் மேல் ஆசை இருக்கவில்லை என்பதும் உண்மை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போனவர்களுக்கு வேண்டியது திரும்பி வரும் ரொக்கம். வாங்க ஆள் இல்லாத வயலை வைத்துக்கொண்டு அவர்களும் வைப்புக்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தார்கள். ஆனால் பாட்டன் காடு வெட்டித் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நிற்கும் ஒருவனிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

சரி, விலையைக் கீழே தள்ளியது யார்? பெருமந்தம் ஒரு காரணம். அதற்கு முன்பே, 1921இல், நான்கு பெரிய பிரிட்டிஷ் அரிசி ஆலை நிறுவனங்கள் கூட்டு சேர்ந்து நெல் கொள்முதல் விலையைத் தாழ்த்திப் பிடித்திருந்தன. உலகச் சந்தை, லண்டன் கம்பெனி, தலைவரி வாங்கும் அரசு எல்லாம் இதில் உண்டு. ஆனால் விவசாயி உலகச் சந்தையை நேரில் பார்த்ததில்லை. அவர் பார்த்தது கடைத்தெருவில் பெட்டியடியில் உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டும் ஒரு மனிதரை. அவர் மொழி வேறு, உடை வேறு, சாமி வேறு.

நெருக்கடிக்கும் வெறுப்புக்கும் நடுவில் இருக்கும் பாலம் இதுதான் என்று நினைக்கிறேன். பெரிய காரணங்களுக்கு முகம் கிடையாது. மனிதனுக்குக் கோபப்பட ஒரு முகம் தேவைப்படுகிறது. பணம் வசூலிக்க வருபவர், வேலைக்குப் போட்டியாக நிற்பவர், கடை வைத்திருப்பவர் ஒரு சிறுபான்மைச் சமூகத்தவராக இருந்துவிட்டால், அந்த முகம் சுலபமாகக் கிடைத்துவிடும். அன்றைய ரங்கூனின் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். தங்கள் தலைநகரிலேயே தாங்கள் சிறுபான்மை என்ற ஆற்றாமை பர்மியர்களிடம் ஏற்கெனவே இருந்தது. நெல் விலை அந்த ஆற்றாமையை உருவாக்கவில்லை, ஊதிப் பெரிதாக்கியது.

கோபம் எப்போதுமே கையருகில் இருப்பவர் மேல்தான் பாயும் என்றும் சொல்ல முடியாது. 1930 டிசம்பரில் தாராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் வெடித்த விவசாயக் கிளர்ச்சி முதலில் அரசைத்தான் குறிவைத்தது. வரியைக் குறைக்கக் கேட்டார்கள், அரசு மறுத்தது, ஊர்த்தலைவர்களைத் தாக்கினார்கள். பச்சை குத்தலும் தாயத்தும் குண்டைத் தடுக்கும் என்று நம்பி, துப்பாக்கிக்கு எதிரே வாளோடு போனார்கள். சாயா சானை 1931 நவம்பரில் தூக்கிலிட்டார்கள். அவரோடு சேர்ந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கும் அதே கதி.

அரசோடு மோதினால் என்ன விலை என்று அந்த டெல்டா கண்ணால் பார்த்தது. அதற்குப் பிறகு 1938 ஜூலையில் வெடித்த கலவரம் யார் மேல் பாய்ந்தது தெரியுமா? முஸ்லிம்கள் மேல். புத்தரை இழிவாக எழுதியதாக ஒரு பழைய புத்தகத்தைக் கிளப்பிவிட்டார்கள். சில பத்திரிகைகள் நெய் வார்த்தன. ஷ்வேடகான் பகோடாவில் கூட்டம் போட்டுவிட்டு ஊர்வலமாகக் கிளம்பியவர்கள் கடைவீதியில் இறங்கி அடித்தார்கள். நிலத்தைக் கைப்பற்றிய செட்டியார்கள் இந்துக்கள். வெட்டுப்பட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அவர்களில் நிறையப் பேர் சின்னக் கடைக்காரர்கள். அரசு அமைத்த விசாரணைக் குழு, புத்தகம் வெறும் தீப்பொறிதான் என்றும், அடியில் நிலமும் பிழைப்பும் சார்ந்த பெரிய குமுறல் இருந்ததென்றும் எழுதியது. கடன் ஏடு ஒருவரிடம், அடி வேறொருவருக்கு. கோபம் விலாசம் பார்த்துப் போவதில்லை. வழிகாட்ட யாராவது ஒரு விலாசத்தை எழுதிக் கொடுத்தால் அங்கே போய்விடுகிறது.

ஏழ்மையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாமா?

இதை வைத்து 'வறுமைதான் வெறுப்புக்குக் காரணம்' என்று சூத்திரம் போட்டுவிடத் தோன்றும். ஆராய்ச்சியாளர்களுக்கும் அப்படித் தோன்றியது. 1940இல் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தென் மாநிலங்களில் பருத்தி விலை விழுந்த வருடங்களில் கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்லும் கொடுமை கூடியது, விலை ஏறிய வருடங்களில் குறைந்தது என்று 1882 முதல் 1930 வரையிலான எண்களைக் காட்டினார்கள். பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்களில் இதுவே எடுத்துக்காட்டு. 1998இல் வேறு சிலர் அதே கணக்கை 1930க்குப் பிந்தைய ஆண்டுகளுக்கும் நீட்டிப் பார்த்தார்கள். பெருமந்தத்தின் மிக மோசமான ஆண்டுகள் அதில் வருகின்றன. கொலைகள் எக்கச்சக்கமாகக் கூடியிருக்க வேண்டும் அல்லவா? கூடவில்லை. பழைய தொடர்பு கலைந்துபோனது.

எனக்கு இந்தத் தோல்வி முக்கியமானதாகப் படுகிறது. பசித்தவனெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனை அடிப்பதில்லை. அப்படிச் சொல்வது ஏழைகளுக்கு நாம் செய்யும் அநியாயம்.

ஜெர்மனியின் தேர்தல் கணக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 2.6 சதவீத ஓட்டு, 12 இடம். யாரும் பொருட்படுத்தாத கட்சி. 1930 செப்டம்பரில் 18.3 சதவீதம், 107 இடம். 1932 ஜூலையில் 37.3 சதவீதம், 230 இடம், நாட்டிலேயே பெரிய கட்சி. நடுவில் நடந்தது என்ன? வங்கிகள் கவிழ்ந்தன, அரசு சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டியது, 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் 60 லட்சம். பார்த்தால் நேர்க்கோடு போலத் தெரியும்.

ஆனால் ஓட்டுப் போட்டது யார்? வேலை இழந்த தொழிலாளர்கள் பெருமளவில் போனது கம்யூனிஸ்ட் கட்சிக்கு. அந்தக் கட்சி 1928இல் 10.6 சதவீதத்திலிருந்து 1932 நவம்பரில் 16.9 சதவீதத்துக்கு ஏறியது. நாஜிக்களுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் சிறு விவசாயிகள், கடைக்காரர்கள், கைவினைஞர்கள், உத்தியோகஸ்தர்கள், அதிலும் புராட்டஸ்டன்ட் ஊர்களில் இருந்தவர்கள். கையில் கொஞ்சம் இருந்தது, அதுவும் போய்விடுமோ என்று நடுங்கியவர்கள். இல்லாமையைவிட இழந்துவிடுவோம் என்ற பயம் மனிதனை அதிகம் ஆட்டிவைக்கும். சொந்தக் கடைக்கு ஷட்டர் போட வேண்டிய நாளை எண்ணிக்கொண்டிருப்பவரை நினைத்துப் பாருங்கள், புரியும்.

யூதர்கள் அந்த நாட்டில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனாலும் பழிபோட ஏற்கெனவே ஒரு கதை தயாராக இருந்தது. 1931 ஜூலையில் டானாட் என்ற பெரிய வங்கி மூழ்கியது. அதன் தலைவர் யூதர். நாஜிப் பிரசாரம் உடனே அதைப் பிடித்துக்கொண்டது. அந்த வங்கியை நம்பியிருந்த ஊர்களில் நாஜி ஓட்டு கூடுதலாக ஏறியதைப் பிற்காலப் பொருளியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இன்னொரு ஆய்வு இன்னும் உறைக்கும். 1349 வாக்கில் கொள்ளைநோய் வந்தபோது யூதர்கள்மேல் பழிபோட்டுக் கொன்ற ஊர்கள், கொல்லாத ஊர்கள் என்று ஜெர்மனியில் இரண்டும் உண்டு. கொன்ற ஊர்களில் ஏறக்குறைய 600 வருடம் கழித்தும் யூத வெறுப்பு அதிகமாக இருந்தது. வெளியூர் வியாபாரத்தால் வளர்ந்த வணிக நகரங்களில் அந்த ஒட்டுதல் தளர்ந்திருந்தது. பொருளாதார அடி ஒன்றேதான். விழுந்த மண்ணில் என்ன விதை கிடந்தது என்பது வேறுவேறு.

அப்புறம், கத்தோலிக்கர்கள். ஜெர்மானியரில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள், அதாவது சிறுபான்மை. அவர்களுக்கும் விலை விழுந்தது, வேலை போனது. ஆனால் அவர்களுடைய மையக் கட்சியும் அதிலிருந்து பிரிந்த பவேரியக் கட்சியும் 1928இலும் 15 சதவீதம்தான், 1932இலும் ஏறக்குறைய அதே 15தான். நெருக்கடி அவர்களை அசைக்கவில்லை. 1870களில் பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபையை ஒடுக்கப் பார்த்தபோது அவர்கள் கட்சி, பத்திரிகை, சங்கம், தேவாலயம் எல்லாவற்றையும் பின்னிப் பிணைத்து ஒரு அரண் கட்டிக்கொண்டார்கள். கையில் பணம் இல்லாதபோதும் போய் நிற்க ஒரு இடம் இருந்தது. அப்படிப்பட்ட இடம் ஒன்று இருந்தவர்களைப் புயல் பெயர்க்கவில்லை. (அந்தக் கட்சியின் தலைவர்களே 1933 மார்ச்சில் ஹிட்லருக்குச் சர்வாதிகாரம் தரும் சட்டத்துக்குக் கை தூக்கியது தனித் துயரம்.)

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியவர்கள்

சிறுபான்மையினரின் அரசியல் விசுவாசம் எப்போது அசையும்? இதற்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அடிமைத்தளையை உடைத்த லிங்கனின் கட்சி குடியரசுக் கட்சி. அதனால் எழுபது வருடமாக ஓட்டுரிமை கிடைத்த இடங்களில் எல்லாம் அவர்கள் ஓட்டு அதற்கே. எதிரே இருந்த ஜனநாயகக் கட்சியோ தெற்கில் அவர்களை ஒடுக்கிய வெள்ளையர்களின் கட்சி. பலர் வீட்டில் லிங்கன் படம் மாட்டியிருக்கும்.

1932 தேர்தல் நேரத்தில் ராபர்ட் வான் என்ற கறுப்பினப் பத்திரிகை ஆசிரியர் ஒரு பேச்சில், வீட்டுக்குப் போய் லிங்கன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், அந்தக் கடன் முழுக்க அடைபட்டுவிட்டது என்றார். அந்த வருடம் பெரும்பாலோர் கேட்கவில்லை. மந்தத்தில் முதலில் வேலை போனது அவர்களுக்குத்தான். ஆனாலும் பழைய கட்சிக்கே போட்டார்கள். பட்டினி மட்டும் அவர்களை நகர்த்தவில்லை. ரூஸ்வெல்ட் ஆட்சியில் நிவாரணமும் வேலைத் திட்டங்களும் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் நகர்ந்தார்கள். 1934இல் சிகாகோவில் நாடாளுமன்றத்தின் ஒரே கறுப்பின உறுப்பினரான ஆஸ்கர் டி பிரீஸ்ட் தோற்றார். அவர் குடியரசுக் கட்சிக்காரர். அவரைத் தோற்கடித்த ஆர்தர் மிட்சலும் கறுப்பினத்தவர், ஜனநாயகக் கட்சி. 1936இல் கறுப்பின ஓட்டில் 70 சதவீதத்துக்கும் மேல் ரூஸ்வெல்ட்டுக்கு விழுந்தது.

அந்த நிவாரணத்தில் ஓரவஞ்சனை இல்லாமல் இல்லை. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் விட்டுவிட்டது. தெற்கில் கறுப்பின மக்கள் பார்த்த வேலையே பெரும்பாலும் அவைதான். கும்பல் கொலைக்கு எதிரான சட்டத்துக்கு ரூஸ்வெல்ட் துணிந்து தோள் கொடுக்கவில்லை. மக்கள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் கணிசமானோர் தங்களை அந்தக் கட்சிக்காரர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சோறு போட்டதற்கு ஓட்டு, அவ்வளவுதான். 1964இல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது, எதிர்த்தரப்பு வேட்பாளர் அதை எதிர்த்து வாக்களித்தவர். அந்த வருடம் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஜனநாயகக் கட்சிக்குப் போனார்கள். அன்றிலிருந்து அவர்களில் ஒரு நடுத்தர வர்க்கம் வளர்ந்தது, வசதி கூடியது. ஓட்டு பெரிதாக நகரவில்லை. பொருளாதாரம் பழைய முடிச்சைத் தளர்த்தியது. புது முடிச்சைப் போட்டது மானம்.

பர்மாவில் இருந்த நம்மவர்கள் யாரை நம்பினார்கள்? அவர்களுக்கு அப்படி மாறிப்போக ஒரு கட்சி இல்லை. பர்மாவை இந்தியாவிலிருந்து பிரிக்கலாமா என்ற கேள்வி வந்தபோது பிரிக்கக் கூடாது என்றார்கள். டெல்லியும் பிரிட்டிஷ் அரசும் இருக்கும் வரைதான் பாதுகாப்பு என்ற நினைப்பு. 1937 ஏப்ரலில் பிரிவினை வந்தது. ஆள்பவனோடு ஒட்டிக்கொண்ட அந்நியர் என்ற பேச்சுக்கு அந்த நினைப்பே இன்னொரு சாட்சியாகிப்போனது. பயந்தவர்கள் அரசிடம் ஒண்டினார்கள். ஒண்டியதைப் பார்த்து வெறுப்பு வளர்ந்தது. வெறுப்பைப் பார்த்து இன்னும் ஒண்டினார்கள். 1942இல் ஜப்பான் படை நுழைந்தபோது அந்த அரசு முதல் ஆளாகக் கிளம்பிவிட்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரம்.

1948இல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கியது, 1960களில் கடைகளையும் எடுத்துக்கொண்டது. திரும்பி வந்தவர்களுக்காக உருவான பர்மா காலனிகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில், சாயங்காலமானால் தள்ளுவண்டிகளில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸைப் பிசைந்து கொடுக்கிறார்கள்.